சத்தமில்லாத படகு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘ஹைட்ரஜன் சார்’. எரிசக்தித் துறையில் வேறு எத்தனையோ பிரிவுகள் இருக்க, ஹைட்ரஜன் மின்கலத் திட்டத்தை வாயைத் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஹைட்ரஜனும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஒரு பெட்டிக்குள் சேரும், மின்சாரம் பிறக்கும், புகைக்குப் பதிலாகத் தண்ணீர் வெளியே வரும் என்று அவர் விளக்க ஆரம்பித்தால், பக்கத்து மேசைக்காரர், “கடைசியில எல்லாம் தண்ணியாத்தான் போகும்னு நீங்களே ஒத்துக்கறீங்க பாருங்க” என்பார். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அந்தத் திட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உருவான முதல் பொருள் ஒரு படகு. பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு மின்கலம் செய்துகொண்டிருந்த ஒரு பெண் எஞ்சினியருக்கு அரசு உதவி கிடைத்தது. அதற்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியவர் இவர்தான். மின்கலம் தயாரானதும் அதை ஆற்றைக் கடக்கும் படகு ஒன்றில் பொருத்தினார்கள். அரசு ஒரு நிபந்தனை வைத்தது. மழைக்காலம் தொடங்கும்வரை அந்தப் படகு நிஜமான பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். ஜனங்கள் ஏறினால் அடுத்த கட்டத்துக்கும் உதவி உண்டு. ஏறாவிட்டால் திட்டத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜனங்கள் ஏறவில்லை.

ஆற்றுக்கு இந்தக் கரையில் வீடுகள். சந்தை, மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் அந்தக் கரையில். பாலம் வெகு தொலைவில் இருந்ததால் காலையில் படகுத்துறையில் எப்போதும் நெரிசல்தான். ஆனால் அத்தனை பேரும் பழைய டீசல் படகுக்குத்தான் வரிசையில் நின்றார்கள். அதை ஓட்டுகிறவரை எல்லோரும் ‘புகையண்ணன்’ என்று கூப்பிட்டார்கள். அவர் படகைக் கிளப்பினால் துறையே கறுத்துப்போகும். அக்கரை சேரும்வரை ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. அப்படியும் இடித்துப் பிடித்து அதில்தான் ஏறினார்கள். பக்கத்தில் புத்தம்புது வெள்ளைப் படகு, கூரைமேல் கம்பிக்கூண்டுக்குள் ஹைட்ரஜன் சிலிண்டர்களோடு, ஊரையே அழைத்தும் ஒருவரும் எட்டிப்பார்க்காத விசேஷ வீடு மாதிரி நின்றது.

“அது பலூனுக்கு அடைக்கிற வாயு. பட்டுனு வெடிக்கும்” என்றார் ஒருவர். படகின் பக்கவாட்டில் ஒரு குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காட்டி, “இப்பவே ஒழுகுது பாரு” என்றார் இன்னொருவர். அது ஒழுகல் இல்லை, மின்கலத்திலிருந்து வெளியேறுகிற தண்ணீர்தான் என்று எஞ்சினியர் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். புகையண்ணன் தன் படகிலிருந்தே, “நான் ஒண்ணும் சொல்லலப்பா. தலைக்கு மேல சிலிண்டர வச்சுக்கிட்டுப் போகத் தைரியம் இருக்கறவங்க தாராளமாப் போகலாம்” என்றார்.

அன்றைக்கும் வெள்ளைப் படகு காலியாகப் போய்க் காலியாகத் திரும்பியது.

ஹைட்ரஜன் சார் என்ற அந்த அலுவலருக்கு வீட்டில் வேறு ஒரு சங்கடம் இருந்தது. பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமியார், ‘கொஞ்ச நாளைக்கு’ என்று மகள் வீட்டுக்கு வந்து, அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. மாமியாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே இருவரும் களைத்துப்போயிருந்தார்கள். அவர் கூடத்துக்கு வந்தால் மாமியார் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். மாமியார் கூடத்தில் இருந்தால் அவருக்குப் படுக்கையறையில் ஏதாவது வேலை வந்துவிடும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, “ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கீங்க. நான்தான் நடுவுல வீட்டுக்காரியா அல்லாடறேன்” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று சாப்பிடும்போது அவர் மனைவியிடம் படகு காலியாக ஓடுவதைச் சொல்லிப் புலம்பினார். சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மாமியார் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டி நல்லா இருந்தா மட்டும் ஜனம் ஏறாது. வா வான்னு கூப்பிட ஒரு ஆள் வேணும்.”

“எஞ்சினியர் பொண்ணு கூப்பிட்டுப் பார்த்துட்டா அத்தை.”

“என்னன்னு கூப்பிட்டா?”

“பாதுகாப்பானதுன்னு சொன்னா. எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கினா.”

“பாடம் நடத்தினா யார் ஏறுவா? நாளைக்கு நான் வரேன்.”

மறுநாள் காலை மாமியார் சலவை செய்த உடை, தோளில் தோல்பை, கையில் குடையோடு தயாராக நின்றார். துறைக்குப் போனதும் அலுவலர் கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னார். “எல்லாரும் பாருங்க. இவங்க என் மாமியார். ஆபத்துன்னா என் வீட்டு ஆளையே இதுல ஏத்துவேனா?”

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“மாமியாரத்தானே ஏத்தறீங்க! அதனாலதான் சார் எங்களுக்குப் பயமே!”

துறையே குலுங்கிச் சிரித்தது. புகையண்ணன் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அலுவலருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமியார்தான். சிரித்த வாயோடு படகில் ஏறி, முன்பக்கம் நின்று, அவர் குரல் எழுப்பினார்.

“சந்தை, ஆஸ்பத்திரி, கோர்ட்! சந்தை, ஆஸ்பத்திரி, கோர்ட்! உட்கார இடம் இருக்கு! உட்கார்ந்து போறவங்க வாங்க, நின்னுக்கிட்டுப் போறவங்க அங்கேயே நில்லுங்க!”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் வரிசையை விட்டு விலகி வந்தாள். “நிஜமாவே உட்கார்ந்து போகலாமா?” என்றாள். “காலை நீட்டிக்கிட்டே போகலாம், ஏறும்மா” என்றார் மாமியார். அவளுக்குத் துணையாக வந்தவன் ஏறினான். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏறினார். படகு கிளம்பியது. கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது. கரை பின்னால் நகர்வதைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

அதன்பிறகு மாமியார் தினமும் வந்தார். யாரும் வேலை கொடுக்கவில்லை, சம்பளமும் இல்லை. வயது கடந்துவிட்டதால் கொடுக்கவும் விதியில்லை என்று அலுவலர் வருத்தத்தோடு சொன்னபோது, “உங்க விதி உங்களோட இருக்கட்டும். நான் டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போற பயணி. பயணி சத்தம் போடக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?” என்று கேட்டார். குழாயில் சொட்டுகிற தண்ணீரில் கையை நீட்டி, “வெதுவெதுப்பா இருக்கு, குளிர்காலத்துல முகம் கழுவ நல்லாருக்கும்” என்று புதிதாக வந்தவர்களுக்குக் காட்டினார். “குடிச்சுடாதீங்கம்மா” என்று எஞ்சினியர் பதறுவாள். மாமியார் அக்கரையில் இறங்கி, மத்தியானமெல்லாம் எங்கோ சுற்றிவிட்டு, அடுத்த நடையில் திரும்புவார். வெள்ளைப் படகில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போடுகிற அளவுக்கு நிலைமை மாறியது. வீட்டிலும் மாற்றம் வந்தது. சாப்பாட்டு மேசையில் மாமியாரும் மருமகனும் அன்றைய பயணிகளைப் பற்றிப் பேசிச் சிரிக்க, மனைவி, “இப்போ நான் வாடகைக்காரி ஆயிட்டேன்” என்றாள்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது.

ஆற்றில் தண்ணீர் கூடியிருந்தது. வெள்ளைப் படகு நிறைய ஆட்களோடு நடு ஆற்றுக்குப் போனபோது, கூரையிலிருந்து கூர்மையான ஒலி கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாயு கசிந்தால் உடனே சிலிண்டரை மூடிவிடும்படியும், மோட்டாரை நிறுத்திவிடும்படியும் செய்திருந்தார்கள். அப்படியே சிலிண்டர் மூடியது, மோட்டார் நின்றது. ஓட்டுநர் நங்கூரத்தை இறக்கினார். எல்லாம் சொன்னபடி நடந்தது. ஆனால் அதைப் பயணிகளிடம் யார் சொல்வது?

“கேஸ்! கேஸ்!” என்று யாரோ கத்த, உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தமாக எழுந்து ஒரே பக்கம் ஓடினார்கள். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

“உட்காருங்க!”

வாழ்நாளெல்லாம் நெரிசல் பேருந்துகளில் கத்திப் பழகிய குரல் அது.

“நிக்கறவங்க நின்ன இடத்துலயே உட்காருங்க! தரையில உட்காருங்க! வெள்ளைச் சட்டைக்காரரே, உங்களத்தான், அந்தப் பக்கம் போங்க. நீயும் போம்மா. ஒவ்வொருத்தரா. கேஸ் நின்னுடுச்சு, மேல காத்துல போயிடுச்சு. இப்ப படகு கவுந்தா நம்மாலதான் கவுழும்!”

ஜனங்கள் உட்கார்ந்தார்கள். படகு மெல்ல நிமிர்ந்தது.

கரையில் நின்ற அலுவலருக்கு இது எதுவும் கேட்கவில்லை. படகு சாய்ந்ததை மட்டும்தான் பார்த்தார். இத்தனை காலம் கோப்பைத் தூக்கித் திரிந்த மனிதருக்கு அந்த நேரத்தில் திட்டம், அரசு, உதவி எதுவுமே ஞாபகம் வரவில்லை. “அத்தை!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் டீசல் படகில் குதித்தார். “அண்ணே, எடுங்க! எடுங்கண்ணே!”

புகையண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைகுறையாக ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு நடு ஆற்றுக்கு விரைந்தார். வெள்ளைப் படகை நெருங்கும் முன்பே எஞ்சினை அணைத்து, இருந்த வேகத்திலேயே மிதந்துபோய்ப் பக்கத்தில் நிறுத்தினார். எல்லோரையும் தன் படகுக்கு மாற்றிக்கொண்டு, நீளக் கயிறு கட்டி வெள்ளைப் படகைக் கரைக்கு இழுத்துவந்தார். கடைசியாக மாறியவர் மாமியார். மருமகன் கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்.

கரைக்கு வந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. கூரையில் ஒரு குழாயின் இணைப்பு அதிர்வில் தளர்ந்து, கொஞ்சம் வாயு கசிந்திருந்தது. எஞ்சினியர் கையில் ஸ்பேனரோடு படகின் தரையில் உட்கார்ந்து அழுதாள். “நான்தாங்க அதப் பார்த்திருக்கணும். என்னாலதான் எல்லாம் போச்சு.” மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சமாதானம் எதுவும் சொல்லாமல், தோல்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் குடித்து முடித்த பிறகு, “போச்சுன்னு யார் சொன்னா? முதல்ல முகத்தக் கழுவு” என்றார்.

வீட்டில் மனைவி வெடித்தாள். “உங்க திட்டத்துக்கு எங்கம்மாதான் கெடச்சாங்களா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா?” அவரும் தனக்குத்தானே அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருந்தார். மாமியார்தான் இடையில் புகுந்து, “என்னை யாரும் தூக்கிட்டுப் போய் ஏத்தல. என் காலாலதான் ஏறினேன். அவர விடு” என்று மகளை அடக்கினார்.

படகு நின்றது. விசாரணைக்கு ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் அலுவலர் அறிக்கை தர வேண்டும். எரிசக்தித் துறை இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அக்கறையோடுதான் பேசினார்.

“கசிவுங்கற வார்த்தை வேணாமே. தொழில்நுட்பத் தடங்கல்னு போட்டுடுங்க. உங்களுக்கும் நல்லது, அந்தப் பொண்ணுக்கும் நல்லது.”

“சார், கசிஞ்சதாலதான் அது தானா நின்னுச்சு. கசிவ எடுத்துட்டா, அது ஏன் நின்னுச்சுன்னு சொல்லவே முடியாம போயிடும். நடு ஆத்துல சும்மா நின்னுபோற படகுக்கு யார் சார் உதவி குடுப்பாங்க?”

“சரி, உங்க தலை, உங்க தலைவலி. உள்ளது உள்ளபடியே எழுதுங்க” என்றார் இயக்குநர்.

குழு படகுத்துறை அலுவலகத்தில் கூடியது. மின்விசிறி கடகடக்கும் சின்ன அறை. பயணிகள் பேசலாம் என்று அறிவித்திருந்தும் நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். முதலில் எழுந்த மாமியாரைக் குழுத் தலைவர் கையமர்த்தினார்.

“நீங்க அலுவலரோட மாமியார்னு கேள்விப்பட்டோம். உங்க வாக்குமூலத்த எடுத்துக்க முடியாதும்மா. ஒருதலைப்பட்சமா இருக்கும்.”

“மருமகனுக்குச் சாதகமாப் பேசுற மாமியாரை நீங்க எங்க பார்த்தீங்க?” என்று மாமியார் கேட்க, குறிப்பெடுத்தவர்கூடச் சிரித்துவிட்டார். ஆனாலும் தலைவர் விதியை விடவில்லை. மாமியார் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முழங்கால் கட்டுக்காரப் பெண் எழுவதா வேண்டாமா என்று தயங்கினாள்.

அப்போது கதவோரமாக நின்றிருந்த புகையண்ணன் முன்னால் வந்தார். எஞ்சினியர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்தாங்க அன்னைக்குக் கயிறு கட்டி இழுத்தவன்” என்று அவர் வழக்கம்போல உரக்கவே ஆரம்பித்தார். “உள்ள இருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. என் படகுல ஒருதடவை டீசல் குழாய் பிடுங்கிக்கிட்டுத் தீப்பிடிச்சுது. சாக்க நனைச்சுப் போட்டு அணைச்சேன். என் படகு தானா நிக்கல, நான்தான் நிறுத்தினேன். அன்னைக்கு எந்தக் கமிட்டியும் வரல.”

“சரி, இப்போ என்ன சொல்ல வரீங்க?” என்றார் தலைவர்.

புகையண்ணன் அந்தக் கேள்வி சரியாகக் கேட்காமல் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினார். தலைவர் மறுபடியும் கேட்டார்.

“இதத்தாங்க சொல்ல வரேன். இந்த வலது காது போயிடுச்சு. எஞ்சின் பக்கம் இருக்கற காது. வீட்டுல என்னைக் கூப்பிடணும்னா தோளத் தொட்டுத்தான் கூப்பிடறாங்க. இந்தப் பொண்ணு செஞ்ச படகு ரொம்ப நாளா என் பக்கத்துல நின்னுச்சு. வயித்தெரிச்சல்ல நானும் கன்னாபின்னான்னு பேசினேன். இல்லேன்னு சொல்லல. ஆனா அது போறப்போ தண்ணி சத்தம் கேக்குதுங்க. ஆத்துல தண்ணி சத்தத்த நான் கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு! இத நிறுத்தாதீங்க. கோளாறைச் சரி பண்ணச் சொல்லுங்க. அப்புறம், என் படகுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வைக்க வழி இருந்தா, அதையும் சொல்லுங்க.”

எஞ்சினியர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

குழுவின் முடிவு உடனே வரவில்லை. மழை கொட்டித் தீர்த்த நாட்களில் அலுவலர் தொலைபேசி மணி ஒலித்தாலே எழுந்து நிற்கிற நிலையில் இருந்தார். கடைசியில் வந்த முடிவு முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கேட்ட அளவுக்கு உதவி கிடைக்கவில்லை. பயணிகளை ஏற்றும் முன் எல்லா இணைப்புகளையும் இரட்டைப் பூட்டோடு மாற்ற வேண்டும், பல வாரம் மணல்மூட்டைகளை மட்டும் ஏற்றி ஓட்டிக்காட்ட வேண்டும். ஆனால் திட்டம் நிற்கவில்லை. அடுத்த கட்டத்தில், ஏற்கெனவே ஓடுகிற ஒரு டீசல் படகை மாற்றிப் பார்க்கலாம் என்று கடைசியாக ஒரு வரி இருந்தது. எஞ்சினியர் அதைக் கத்திப் படித்தாள், புகையண்ணனின் இடது காதுப் பக்கம் நின்றுகொண்டு.

மழை ஓய்ந்த வாரத்தில் மாமியார் வீட்டில் ஒரு விஷயத்தை உடைத்தார். சந்தைக்குப் பின்னால், தன்னோடு வேலை பார்த்த ஒரு நடத்துநர் தோழியின் வீட்டு மாடியில், ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாராம். அக்கரையில் சுற்றிய மத்தியானங்கள் எல்லாம் அந்த வீட்டில்தான் கழிந்தனவாம்.

மனைவி அழுதாள். “எங்க மேல ஏதாவது கோபமா அத்தை?” என்றார் அலுவலர்.

“கோபம் இருந்தா இங்கயே இருந்து ஒரு வழி பண்ணியிருப்பேனே” என்றார் மாமியார். “வேலை போனதும் எனக்கு ஊரே போயிட்ட மாதிரி இருந்துச்சு மாப்பிள்ளை. பால்கனியில நின்னு தெருவப் பார்த்துக்கிட்டே செத்துடுவேனோன்னு பயந்தேன். உங்க படகு வந்துது. தப்பிச்சேன். இப்போ எனக்குன்னு ஒரு சாவி இருந்தா நல்லாருக்கும், அவ்வளவுதான்.”

அலுவலரே பெட்டிகளைச் சுமந்துபோய் அக்கரையில் வைத்தார். அலமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். குழாய் ஒழுகியதைப் பார்த்துவிட்டு ஆள் கூட்டிவந்தார். திரும்பி வந்த பிறகு, கூடத்தில் எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற நிலைமை அவருக்கு என்னவோ பிடிக்கவில்லை.

மணல்மூட்டைகள் இறங்கி மறுபடி மனிதர்கள் ஏறத் தொடங்கியபின், விடுமுறை நாட்களில் மாமியார் மகளைப் பார்க்க வருவார். சாயங்காலம் திரும்பும்போது அலுவலர் துணைக்கு அக்கரைவரை போவார். அப்படி ஒருநாள் இருவரும் படகின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கீழ்வீட்டுத் தோழியோடு மாடிப்படி விளக்குக்காக வந்த சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அவ என்ன சொல்றா தெரியுமா மாப்பிள்ளை? நான் லைட்ட அணைக்கறதே இல்லையாம். நானா? ராத்திரி எழுந்து நான் போய் அணைச்சது அவளுக்கு எங்க...”

பேச்சு அங்கேயே நின்றது. அலுவலர் திரும்பிப் பார்த்தால், மாமியாரின் தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்திருந்தது. மாமியார் தூங்கிப்போயிருந்தார். ஓடுகிற வண்டியில் ஆயுசு முழுக்க நின்றுகொண்டே இருந்த மனுஷி, முதல்முறையாக ஓடுகிற ஒன்றில் உட்கார்ந்து தூங்கினார்.

படகு அக்கரையை அடைந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார். அலுவலர் அசையாமல், கையை மட்டும் சட்டைப்பைக்குள் விட்டு, இன்னொரு நடைக்கு இரண்டு டிக்கெட்டுக்கான காசை எடுத்து நீட்டினார். புதிதாக ஏறியவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். படகு மெல்லத் திரும்பியது.